அப்பான்னு வருது

எங்கள் கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்த பெரியவருக்கு எங்கள் யாருடைய பெயரும் தெரியாது. எங்கள் போன் அடிக்கிற சத்தம்தான் தெரியும். திருபுவனையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கம்பெனி. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைத்து ஒட்டுவது எங்கள் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலில் கொடுத்துவிட்டு, தலைக்கு வலையும் வாய்க்கு மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், ஷிப்ட் முடிந்துதான் திரும்ப வாங்குவோம். அதுவரை வீட்டில் என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது.

முதலில் ஆளுக்கு ஒரு அறை என்று எண் போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க அறை போதவில்லை. பிறகு நீலநிறப் பிளாஸ்டிக் டிரேக்கள் நான்கு வந்தன. மார்க்கெட்டில் தக்காளி வந்து இறங்குமே, அந்த மாதிரி டிரே. கம்பெனி பஸ் தாமதமாக வந்து சேர்கிற காலையில் யாருடையது எந்த டிரே என்று நின்று பார்க்க முடியுமா? போட்டுவிட்டு ஓடுவோம். அறுபது பெண்களின் போன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கறுப்புப் போன்.

அதனால் போனுக்கு அலங்காரம் செய்வது எங்களுக்கு ஆசை மட்டுமில்லை, அவசியமும்கூட. ஒருத்தி பின்பக்கம் முழுக்க முத்து ஒட்டியிருந்தாள். ஒருத்தியின் கவர் கண்ணாடி. பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வாள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவர் போட்டவர்கள் பிள்ளையின் பாஸ்போர்ட் போட்டோ, அந்தோணியார் படம், கோயில் குங்குமப் பொட்டலம் என்று எதையாவது செருகி வைத்திருப்பார்கள். என்னுடையது மூலை உடைந்த ரோஸ் நிறக் கவர். உள்ளே ஒரு மாதா படம்.

கவரை விடச் சத்தம்தான் முக்கியம். கோழி கூவும். கைக்குழந்தை சிரிக்கும். நாதஸ்வரம் வாசிக்கும். ஒன்று ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். கம்பெனி சட்டப்படி எந்தப் போன் அடித்தாலும் காவல்காரர் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். விடாமல் மூன்று தரம் அடித்தால் அவசரம். உடனே உடைமாற்றும் அறை வாசலில் வந்து நின்று குரல் கொடுப்பார். “யம்மா கோழி! உன் வூட்ல தேடுறாங்க!” உள்ளிருந்து கோழி ஓடி வருவாள். நாதஸ்வரத்துக்கு அப்படித்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது தெரிந்தது. ஆம்புலன்ஸுக்கு அப்படித்தான் மாமியார் படிக்கட்டில் விழுந்தது தெரிந்தது. எங்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே நூல் அந்த மனிதரின் காதுதான்.

என்னை அவர் “எடும்மா” என்று கூப்பிடுவார். ஏனென்றால் என் போன் அப்படித்தான் அடிக்கும். அது என் அப்பாவின் குரல். அந்தக் குரலை நானேதான் அழிக்கச் சொன்னேன். அதனால் அப்பா சாகும்போது கூப்பிட்ட கூப்பாடு எனக்குக் கேட்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு டஜன் பதில் இருந்தது, எல்லாமே கொஞ்சம் சூடான பதில்கள். என் வாய் அப்படி. கம்பெனியிலும் என் வாய்க்கென்று ஒரு மரியாதை உண்டு. கேன்டீனில் நான் உட்காரும் மேசையில் இடம் கிடைக்காது.

அப்பா இளம் வயதில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அது எப்போதோ மூடிப்போனது. ஆலைக்குள் மெஷின் போடும் இரைச்சலில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்குமாம். ஆலை மூடியது, குரல் மூடவில்லை. வீட்டுக்குள் அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரே புகார், நான் எடுப்பதில்லை என்று. சத்தம் கேட்கவில்லை என்று சொன்னேன்.

“என் சத்தம் கேக்கலியா உனக்கு?” என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

“உன் சத்தம் எங்கப்பா கேக்குது? போன் சத்தம்தானே கேக்கும்.”

“அப்ப என் சத்தத்தையே அதுல வையேன்.”

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பதிவு செய்தேன். குரலை மட்டும்தான் எடுக்கப்போகிறேன் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தடவித் தலைசீவி வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஆலை வாசலில் நிற்பவர் போலக் கத்தினார். “எடும்மா! எடு! அப்பாதான் பேசுறேன். இன்னா, எடுக்க மாட்டியா? எடும்மா!” அதோடு நிறுத்தாமல், “ஓடுதா, நின்னுடுச்சா?” என்று என்னைக் கேட்டதும் அதில் பதிவாகிவிட்டது. நான் அதை வெட்டவில்லை. அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் அந்தக் குரல் ஒலிக்கும்படி வைத்தேன். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு சாதாரண மணி.

அப்பாவின் அழைப்புகளுக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது. கேஸ் தீர்ந்துவிட்டது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியை எடுக்கட்டுமா? பூனை மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, குழம்பை என்ன செய்வது? காவல்காரர் முதலில் இரண்டு மூன்று தடவை என்னை வெளியே கூப்பிட்டார். பூனை விஷயத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவரே எடுத்துப் பேச ஆரம்பித்தார். “நான் வாட்ச்மேன் பேசுறேன் சாமி. பொண்ணு வேலையில இருக்குது. இன்னா சேதி?” இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய முட்டிவலி அப்பாவுக்குத் தெரியும், அப்பாவின் சர்க்கரை அவருக்குத் தெரியும்.

நடுவில் ஒரு தகராறு வந்தது. வேறொருத்தியின் போன் விடாமல் அடித்ததால் இவர் எடுத்துப் பேசியிருக்கிறார். கூப்பிட்டது அவள் புருஷன். பெண்டாட்டி போனில் ஆம்பிளைக் குரல் என்று அவன் மறுநாள் கம்பெனி வாசலுக்கே வந்து குதித்தான். அவள் அடி வாங்கினாள் என்றும் கேள்விப்பட்டோம். இதில் கொடுமை, அந்தப் போனில் வந்த பெயர் “அப்பா”. எங்கள் பக்கம் நிறையப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. போனில் பதிவதிலும் அதே கதைதான். பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே, “அப்பா” என்று போட்டுக்கொள்வார்கள். இவர் அதைப் பார்த்து, பெற்ற அப்பா என்று நினைத்து எடுத்துவிட்டார். அதிலிருந்து யார் போனையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார், என்னுடையதைத் தவிர. என்னுடையதில் குரலே சொல்லிவிடுகிறதே, இது எந்த அப்பா என்று.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்ச் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா அந்தப் பக்கம் முன்வரிசையில், நான் இந்தப் பக்கம் நடுவில். எழுந்தேற்ற நேரம். சாமியார் அப்பத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருக்கிறார். எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். அப்பா குனிந்தபோது சட்டைப்பையில் இருந்த போன் எங்கேயோ அழுந்தியிருக்க வேண்டும். என் கைப்பையிலிருந்து கிளம்பியது: “எடும்மா! எடு! அப்பாதான் பேசுறேன்!”

பைக்குள் கை விட்டுத் தேடுகிறேன், ஜபமாலை வருகிறது, சாவி வருகிறது, போன் மட்டும் வரவில்லை. “இன்னா, எடுக்க மாட்டியா?” என்று அது கேட்கிறது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பாடகர் குழுவில் சிரித்தார்கள். சாமியார் உயர்த்திய கையை இறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். “ஓடுதா, நின்னுடுச்சா?” என்று அது கேட்டபோது சர்ச்சே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பக்கம் அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

“ஊரே சிரிக்குது. நீயும் சேந்து சிரிக்கிற. உனக்கு அசிங்கமா இல்லியா? உன் கொரல கேட்டாலே எனக்கு எரிச்சலா வருதுப்பா!”

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. “மாத்திக்கோ,” என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோனார்.

அன்று முழுக்க நான் பேசவில்லை. அவர் பேசினார், ஆனால் மெதுவாக. “சோறு போடட்டா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டது கூடத்தில் இருந்த எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுபது வயதில் அந்த மனிதர் குரலைத் தணித்துப் பேசப் பழகிக்கொண்டிருந்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும், இன்னும் ஒரு நாள் கஷ்டப்படட்டும் என்றுதான் இருந்தேன். என் புத்தி அப்படி.

திங்கட்கிழமை வேலை முடிந்து வில்லியனூரில் இறங்கி, மார்க்கெட் பக்கம் இருக்கும் போன் கடைக்குப் போனேன். கடை வைத்திருந்தது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எல்லாத்தையும் மாற்றிவிடு என்றேன். ரோஸ் கவரைக் கழற்றிக் குப்பையில் போட்டு, புத்தகம் மாதிரி மூடித் திறக்கிற கறுப்புக் கவர் ஒன்றை மாட்டினாள். மாதா படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். திரையில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம் வைத்தாள். சத்தத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஏழெட்டு போட்டுக் காட்டினாள். ரோட்டில் பஸ் ஹாரன், பக்கத்துக் கடையில் மிக்ஸி, இதற்கு நடுவில் ஒரு புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு, இது போதும், எல்லா எண்ணுக்கும் இதையே வை என்றேன்.

“இந்த வாய்ஸ் ஒண்ணு இருக்குதே அக்கா. டெலிட் பண்ணிடவா? இடம் அடைச்சிகினு இருக்குது.”

“பண்ணிடு.”

இரண்டு வருஷமாக இருந்தது. ஒரு விரல் தட்டலில் போயிற்று. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வரும் வழியில் சூடாகப் போண்டா வாங்கினேன், அப்பாவுக்குப் பிடிக்கும். வீட்டில் தட்டில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு சாப்பிட்டுவிட்டு, “உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். காலையில் பஸ் வரும் நேரத்தில் எழுந்து ஓடினேன். அவர் பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறோம். காவல்காரர் வாசலில் வந்து நின்றார். பூட்ஸோடு உள்ளே வரக் கூடாது. கேட்டை விட்டுவிட்டு அதிக நேரம் நிற்கவும் கூடாது. கையில் ஒரு கறுப்புப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு போனு? அஞ்சு தரம் அடிச்சிடுச்சு. அப்பான்னு வருது.”

யாரும் எழவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் வாயில் சோற்றோடு சொன்னேன்:

“பெத்த அப்பாவா, புள்ளைங்களுக்கு அப்பாவா? மொதல்ல அத கேட்டுச் சொல்லுங்க!”

கேன்டீன் சிரித்தது. ஒருத்திக்குப் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உன்னுது இல்லியேம்மா?”

“என்னுதா? எங்கப்பா கூப்ட்டா உங்க கேட்டே ஆடுமே. இது யாரோ வாயில்லாத புருஷன்.”

மறுபடியும் சிரிப்பு. புல்லாங்குழல் நின்றது. அவர் போனைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் ரசத்துக்குக் கையை நீட்டினேன்.

முந்தின நாள் மாற்றியது எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மறக்கவில்லை. யாராவது “உன் போனில் என்ன சத்தம்?” என்று கேட்டிருந்தால் புல்லாங்குழல் என்று சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா கூப்பிடுகிறார் என்றால் அந்தக் குரல் வரும், வராவிட்டால் கூப்பிடவில்லை. இரண்டு வருஷமாக என் காது அப்படிப் பழகியிருந்தது. மூளைக்குச் சொன்னேன், காதுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கும் விளங்கவில்லை. விளங்கி என்ன ஆகப்போகிறது?

ஷிப்ட் முடிந்து டிரேயில் ரோஸ் கவரைத் தேடினேன். கலைத்துக் கலைத்துப் பார்த்தேன். “என் போனைக் காணோம்!” என்று கத்தினேன். யாரோ மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இரண்டு பேரைத் திட்டவும் செய்தேன். எல்லாரும் எடுத்து முடித்த பிறகு டிரேயின் அடியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. கறுப்புக் கவர். அதைத் திறந்தேன். நீர்வீழ்ச்சிக்கு மேல் “அப்பா” என்று இருந்தது. எட்டுத் தவறிய அழைப்புகள்.

நிமிர்ந்து பார்த்தேன். காவல்காரர் அந்தப் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அன்று மாறின மாதிரி ஒரு மனிதர் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது அப்பா இல்லை, பக்கத்து வீட்டு அண்ணன். “வந்துடும்மா,” என்றார். என்ன ஆச்சு என்று கேட்டேன். “நீ வந்துடும்மா,” என்று மட்டும் மறுபடியும் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸில்தான் போனேன். வழியில் பத்து இடத்தில் நிறுத்தி ஆள் இறக்கும் பஸ் அது. அன்று யாரும் இறங்கவில்லை. டிரைவர் நேராக எங்கள் ஊருக்கு ஓட்டினார். மதியம் சிரித்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறியதே ஒருத்திக்கு, அவள்தான். கரும்புத் தோட்டம் தாண்டித் திரும்பும்போதே சர்ச்சில் துக்க மணி அடிப்பது கேட்டது. ஒன்று அடித்து, நிறுத்தி, பிறகு ஒன்று.

மாரடைப்பு என்றார்கள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். கடைசியாக வந்த எட்டாவது அழைப்பு, அவர் போனிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் போட்டது. மற்ற ஏழும் அப்பா போட்டது.

மறுநாள் அடக்கத்துக்குக் காவல்காரர் வந்திருந்தார். யூனிபார்ம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

“கொரல வெச்சு, ஒசரமா இருப்பாருன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு அழுதார். “எடுக்கலாம்னு வெரல் போச்சும்மா. அந்த ஆளு வந்து குதிச்சானே, அது நெனப்பு வந்துடுச்சு. நான் எடுத்திருக்கணும். என் தப்புதாம்மா.”

அவர் தப்பு இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னுடையதா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அவர். இல்லை என்று சொல்லி, கேன்டீனையே சிரிக்க வைத்தவள் நான். சொல்லவில்லை. அவர் அழுததில் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்துக்காக ஒரு வயதானவரை அழவிட்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் போன் கடைக்குப் போனேன். அந்தக் குரலை எப்படியாவது எடுத்துக் கொடு என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு மணி நேரம் ஏதேதோ போட்டுப் பார்த்தாள். போனது போனதுதான் என்றாள். வேறு வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று அவளே தேடினாள். ஊர்த் திருவிழாவில் எடுத்தது ஒன்று இருந்தது. அதில் அப்பா தேர்ப் பக்கம் நின்று வாயை அசைக்கிறார். பேண்டு வாத்தியம் அடிக்கிறது. ஊரிலேயே பெரிய குரல். அதையும் பேண்டு அமுக்கிவிட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. கடைக்காரப் பெண் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தாள். பேண்டுதான் கூடியது.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனபோது வாசலில் ஒட்டுகிற டேப்பும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் காவல்காரர். ஒவ்வொருத்தி போனின் முதுகிலும் அவளுடைய பெயரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. “உன் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதினார். அதன் பிறகு யார் போன் அடித்தாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். கோழியும் நாதஸ்வரமும் இப்போது இல்லை. கேன்டீனில் நான் பேசுவதும் குறைந்துவிட்டது. என் மேசையில் இப்போது இடம் கிடைக்கிறது.

புல்லாங்குழலை நான் மாற்றவில்லை. ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். மாற்றினால் தப்பித்துக்கொண்டது மாதிரி இருக்கும். இப்போதும் அது அடித்தால் என்னுடையதுதான் என்று உடனே தோன்றுவதில்லை. யாரோ ஒருத்தியின் போன் என்று நினைத்து, பிறகுதான் எடுக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று இருந்தேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பின்பக்கத்தில் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்பா போன அன்று மதியம் முருங்கைக்காய் பறிக்கத் துரட்டி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள்தான். அப்பாவை முதலில் பார்த்தவளும் அவள்தான். அந்த நாளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொன்னதில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இப்போது அவளே பேச ஆரம்பித்தாள்.

“நாற்காலியில உக்காந்துகினு இருந்தாருடி. சட்டையெல்லாம் வேர்வ. நெஞ்ச தேச்சிகினு, கையில போன வெச்சிகினு. இன்னா மாமான்னு கேட்டேன். பொண்ணு எடுக்கலன்னாரு. என் போன்லேர்ந்து கூப்புடட்டான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு.”

“ஏன்க்கா?”

“எம்மேல கோவமா இருக்குதுன்னாரு. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பேசல, என் கொரல கேட்டாலே அதுக்கு எரிச்சலா வருதாம், அதான் எடுக்கல, நீ கூப்ட்டாலும் நான் சொல்லித்தான் நீ கூப்புடுறேன்னு அதுக்குத் தெரிஞ்சுபூடும்னாரு. சாயங்காலம் வரட்டும், அதுக்குள்ள கோவம் ஆறிடும்னு சொல்லிச் சிரிச்சாருடி. எனக்கு மனசு கேக்கல. எங்கூட்டுக்காரரக் கூப்புட ஓடினேன். வர்றதுக்குள்ள சாஞ்சுட்டாரு. கடைசி வரைக்கும் உன்ன ஒரு வார்த்த தப்பா சொல்லல, பாத்துக்கோ. எவ்ளோ பாசம் இருந்தா அப்படிச் சொல்லுவாரு.”

அவள் தேய்த்த குண்டானை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். எனக்குக் கோபம் திங்கட்கிழமை சாயங்காலமே ஆறிவிட்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.